வானொலியில் எழுத்துக் கூட்டிச் சொல்லுதல்

(பேரிடர்க் காலச் செய்தித் தொடர்பு குறித்த பயிற்சி வகுப்பில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிறியது. ஹாம் என்று வழங்கும் அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டோர், ஒரு பெயரையோ அழைப்புக் குறியையோ எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது எந்தச் சொற்களைக் கையாள வேண்டும் என்பதே அது. உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்ட்டா என்று தொடங்கி ஜூலு என்று முடியும் இருபத்தாறு சொற்கள் அவை. அதனை விட்டுவிட்டு, அவ்வப்போது நாவில் வரும் சொற்களைச் சொல்வோரும் பலர். எது நன்று என்னும் வழக்கு ஹாம்களிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. நான் பொருளாதாரம் பயின்று அரசுப் பணிக்கு வந்தவன். அமெச்சூர் உரிமம் பெற்றவன் என்ற முறையில் மாலை வேளைகளில் நாற்பது மீட்டர் அலைவரிசையில் காது கொடுப்பவனும் கூட. ஆகவே இவ்வழக்கினைச் செலவு, பயன் என்னும் கண்ணோட்டத்தில் ஆராய முற்படுகிறேன். செலவு யாருடையது, பயன் யாருடையது என்று கேட்டால் விடை ஓரளவு தெளிவாகவே கிடைக்கும்.

முதலில், எழுத்துகளை அப்படியே சொன்னால் என்ன என்ற கேள்வியைப் பார்ப்போம். ஆங்கில எழுத்துகளின் பெயர்களில் எட்டு அல்லது ஒன்பது 'ஈ' என்னும் ஒரே உயிரொலியில் முடிகின்றன. அவற்றை வேறுபடுத்துவது தொடக்கத்தில் கணநேரம் ஒலிக்கும் மெய் மட்டுமே. குற்றலையில் ஹாம்கள் பெரிதும் கையாளும் எஸ்.எஸ்.பி. முறையில், மனிதக் குரலின் ஏறத்தாழ 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியே அனுப்பப்படுகிறது. 'எஸ்' என்பதையும் 'எஃப்' என்பதையும் பிரித்துக் காட்டும் சீறொலியின் பெரும்பகுதி இவ்வெல்லைக்கு மேலே இருக்கிறது. அது அனுப்பப்படுவதே இல்லை. இல்லாத ஒன்றை எவ்வளவு கூர்மையான செவியும் கேட்க இயலாது.

நமக்கு இன்னும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இவ்வுரையைத் தமிழில் எழுதும்போதே அதனை உணர்ந்தேன். பம்பாய்க்குரிய எழுத்தையும் பாரிசுக்குரிய எழுத்தையும் தமிழில் 'பி' என்றே எழுதுகிறோம். டெல்லிக்குரியதும் டோக்கியோவுக்குரியதும் 'டி'தான். வங்காளியர் நாவில் 'வி' பெரும்பாலும் 'பி'யாக மாறும். இந்தியர் பலருக்கு 'வி'யின் ஒலியும் 'டபிள்யூ'வின் ஒலியும் ஒன்றே. 'இசட்' ஒலி வடக்கிலும் தெற்கிலும் 'ஜே'யாகி விடுகிறது. ஆகவே எழுத்துக்குப் பதிலாக ஒரு சொல்லைச் சொல்லும் ஏற்பாடு எங்கும் தேவை. நம் நாட்டில் அது இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது.

சரி, ஏதோ ஒரு சொல் போதாதா? தொலைபேசியில் நாம் அனைவரும் அதைத்தானே செய்கிறோம்? 'பி ஃபார் பம்பாய், டி ஃபார் டெல்லி, எம் ஃபார் மதராஸ்' என்று சொல்லாத குமாஸ்தா இந்தியாவில் இருந்ததில்லை. இந்த வழக்கத்தை நான் இகழவில்லை. ஒரே ஊரில், ஒரே தலைமுறையினர் இருவர், நல்ல தொலைபேசித் தொடர்பில் பேசும்போது அது வேலை செய்கிறது. ஆனால் அதன் அடித்தளம் எவ்வளவு நொய்ந்தது என்று பாருங்கள். 1995-இல் பம்பாய் மும்பையாயிற்று. 1996-இல் மதராஸ் சென்னையாயிற்று. 2001-இல் கல்கத்தா கொல்கத்தா ஆயிற்று. கடைசியாகச் சொன்னது ஒரு வானொலிக்காரனுக்குப் பெருஞ்சிக்கல். ஆங்கிலத்தில் கல்கத்தா 'சி'யில் தொடங்குகிறது, கொல்கத்தா 'கே'யில் தொடங்குகிறது. இரைச்சலில் இவ்விரு சொற்களும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். ஊரும் ஒன்றே. பேசியவர் எந்த எழுத்தைக் கருதினார் என்று அறிவதற்கு அவருடைய வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்!

இங்கேதான் இரண்டு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு புலனாகிறது. நாவில் வந்ததைச் சொல்லும் முறையில் அச்சொல் ஒரு துப்பு மட்டுமே. கேட்பவர் முதலில் அது என்ன சொல் என்று மொழியிலுள்ள அத்தனை சொற்களிலிருந்தும் கண்டறிய வேண்டும். பிறகு அதன் எழுத்துக் கூட்டலை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் முதலெழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். நிலையான பட்டியலில் வரும் சொல்லோ துப்பு அன்று, குறியீடு. 'சார்லி' என்ற சொல் தமிழ்ச் செவிக்குச் 'ச'கரத்தில் தொடங்கினாலும் கேடில்லை. ஏனெனில் அதன் ஒலியைக் கொண்டு எவரும் எழுத்தைத் தீர்மானிப்பதில்லை. இருபத்தாறில் மூன்றாவது என்று தெரிந்தால் போதும். சொல்லின் பாதி தேய்ந்து '…லி' என்று மட்டும் காதில் விழுந்தாலும், பழகியவர் சரியாகவே எழுதிக்கொள்வார்.

இது வெறும் அனுபவக் கூற்று அன்று. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் அவருடன் பணியாற்றிய இருவரும் 1951-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல்லைக் கேட்பவர், அது இரண்டு சொற்களுள் ஒன்று என முன்னரே அறிந்திருந்தால் கடும் இரைச்சலிலும் அதனைக் கண்டுகொண்டார். 256 சொற்களுள் ஒன்று என்றால் அதே சொல்லுக்குத் தடுமாறினார். எல்லையே வகுக்காதபோது தடுமாற்றம் இன்னும் மிகுந்தது. சொல்லின் தெளிவு சொல்லில் மட்டும் இல்லை, கேட்பவர் எதிர்பார்க்கும் வட்டத்தின் அளவிலும் இருக்கிறது என்பது அவ்வாய்வினால் விளங்கிற்று.

அடுத்து, இன்றைய பட்டியல் எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். எவரோ ஒருவர் மேசையில் அமர்ந்து எழுதிய பட்டியல் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது உண்மையன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படையின் செய்தியாளர்கள் சில எழுத்துகளுக்கு மட்டும் சொற்களை வைத்திருந்தனர். ஏ என்பது 'ஆக்', எம் என்பது 'எம்மா', பி என்பது 'பிப்'. முற்பகலை 'ஆக் எம்மா' என்றும் பிற்பகலைப் 'பிப் எம்மா' என்றும் சொல்லும் வழக்கம் அதனால் ஏற்பட்டது. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், சர்வதேசத் தொடர்புத் துறையில் ஆம்ஸ்டர்டாம், பால்ட்டிமோர், காசாபிளாங்கா என்று பெரும்பாலும் நகரப் பெயர்களால் ஆன பட்டியல் வழங்கிற்று. எக்ஸ் என்பதற்கு நகரம் கிடைக்கவில்லை போலும், சாக்ரட்டீசின் மனைவி ஜாந்திப்பியைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் 'ஏபிள், பேக்கர்' என்று தொடங்கும் பட்டியலைக் கையாண்டன. அமெரிக்க ஹாம்களின் சங்கமோ ஆடம், பேக்கர், சார்லி, டேவிட் என்று ஆட்பெயர்கள் நிறைந்த ஒன்றை வைத்திருந்தது.

போருக்குப் பின் பன்னாட்டு விமானப் போக்குவரத்து பெருகியபோது இந்தப் பன்மை ஆபத்தாயிற்று. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம், மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் ழான்-பால் வினே என்பவரின் ஆய்வுத் துணையுடன், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்று மொழியினரும் இடரின்றி உச்சரிக்கத்தக்க சொற்களைத் தேடிற்று. 1951-இல் ஒரு பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அது முழு வெற்றி பெறவில்லை. அதில் என் என்பதற்கு 'நெக்டர்'. அது 'விக்டர்' என்று காதில் விழுந்தது. எக்ஸுக்கு 'எக்ஸ்ட்ரா', அது 'டெல்ட்டா'வுடன் குழம்பிற்று. மீண்டும் சோதனைகள் நடந்தன. முப்பத்தொரு நாட்டினரின் குரல்கள் ஆராயப்பட்டன. முடிவில் ஐந்து எழுத்துகளுக்கு மட்டும் சொற்கள் மாற்றப்பட்டன. சார்லி, மைக், நவம்பர், யூனிஃபார்ம், எக்ஸ்-ரே என்பவை அவை. 1956 மார்ச் 1 முதல் இப்பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. ஆங்கிலம் அறியாதவரும் பிழையின்றி ஒலிக்க வேண்டும் என்பதற்காக 'ஆல்ஃபா', 'ஜூலியட்' என்பவற்றின் எழுத்துக் கூட்டலையே மாற்றி எழுதினார்கள்.

அச்சோதனைகளில் தெரிய வந்த ஒரு செய்தி அதிகாரிகளாகிய உங்களுக்குச் சிந்தனைக்குரியது. எஃப் என்பதற்கு 'ஃபுட்பால்' என்ற சொல் தனியாகச் சொல்லும்போது 'ஃபாக்ஸ்டிராட்' என்பதைவிட நன்றாகப் புரிந்தது. ஆயினும் ஃபாக்ஸ்டிராட்டே ஏற்கப்பட்டது. காரணம், பிற இருபத்தைந்து சொற்களோடு கலந்து தொடர்ச்சியாக வரும்போது அதுவே மேலானது. தனித்து நோக்கிச் சிறந்ததைத் தேர்வது வேறு. முழு அமைப்புக்குள் வைத்துத் தேர்வது வேறு. 'என்னுடைய சொல் இதைவிடத் தெளிவானது' என்று வாதிடும் நண்பர்கள் பலர் சொல்வது தனிச்சொல் அளவில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் ஒரு சொல்லை மட்டும் எடைபோடுகிறார்கள்.

இந்தப் பட்டியல் நிலைபெற்ற அதே 1956-இல்தான் நம் நாடாளுமன்றம் எடை அளவுகளுக்கான தரநிர்ணயச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதற்கு முன் சேர், மணங்கு, படி, மரக்கால் என்பவை ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஒவ்வோர் ஊராருக்கும் தம் அளவு வசதியாகவே இருந்தது. சங்கடம் எல்லையைக் கடந்து விற்கும்போதுதான் தோன்றிற்று. அச்சங்கடத்தின் விலையைக் கொடுத்தவர் அளந்தவர் அல்லர், வாங்கியவர். எழுத்துச் சொற்களிலும் இதுவே நிகழ்கிறது. நினைவில் எளிதில் வந்த சொல்லைச் சொல்பவருக்கு ஒரு கணம் மிச்சம். கேட்பவருக்கு மூன்று கணம் நட்டம். அவர் 'மீண்டும் சொல்லுங்கள்' என்று கேட்டால், அதே அலைவரிசையில் காத்திருக்கும் இருபது பேருக்கும் நட்டம். செலவைத் தாம் ஏற்காதவர் சிக்கனம் செய்ய மாட்டார் என்பது பொருளியலின் பாலபாடம்.

மறுதரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொலைதூர நாடுகளைத் தொடர்பு கொள்வதில் தேர்ந்த ஹாம்கள் வேறு கட்சி. நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைக்கும் நெரிசலில் 'கோல்ஃப்', 'மைக்' போன்ற ஓரசைச் சொற்கள் அமுங்கிப் போகின்றன. 'ஜெர்மனி', 'மெக்சிகோ' என்று நீட்டிச் சொன்னால் மேலெழுந்து கேட்கின்றன. 'ஆர்' என்பதற்கு 'ரேடியோ', 'எஸ்' என்பதற்கு 'சாண்டியாகோ', 'இசட்' என்பதற்கு 'ஜான்சிபார்' என்பவை அவர்களிடம் நிலைத்த வழக்கு. இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. இச்சொற்களைக் காதால் கேட்டிருக்கிறேன். அவை துளைத்துக்கொண்டு வருகின்றன. ஆனால் கவனியுங்கள்: இவையும் நாவில் வந்தவை அல்ல. உலகெங்கும் அந்த வட்டாரத்தார் ஒரே விதமாக வழங்கும் இரண்டாவது பட்டியல் இது. இதனைத் தனிமனிதக் கற்பனைக்கு ஆதரவாகக் காட்டுவது பொருந்தாது. பழைய நகரப் பட்டியலின் வழித்தோன்றல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அச்சிட்டுவிட்டதனால் மட்டும் ஒரு தரநிர்ணயம் வாழ்ந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில், பதினான்காம் பிற்சேர்க்கையில், இந்த எழுத்துச் சொற்களோடு எண்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. 'நாடாசீரோ, உனாஒன், பிஸ்ஸோடூ, டெர்ராத்ரீ' என்று அது போகும். நம் நாட்டு அமெச்சூர் தேர்வுக்குரிய பாடத்திட்டத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் வானலையில் ஒரு ஹாம் அதைப் பேச நான் கேட்டதில்லை. மக்கள் கைக்கொண்டது விமானிகளின் முறையையே. அதில் எண்கள் எண்களாகவே இருக்கும், ஒன்பதை 'நைனர்' என்று நீட்டுவார்கள். இருபத்தாறு சொற்கள் நிலைத்தன, பத்து எண் சொற்கள் நிலைக்கவில்லை. பயனாளர் ஏற்காத தரத்தை எத்தனை விதி எழுதியும் நிலைநிறுத்த முடியாது.

விளையாட்டுக்காகச் சொற்றொடர் புனைவது இன்னொரு வகை. அழைப்புக் குறியின் கடைசி எழுத்துகளைக் கொண்டு வேடிக்கைத் தொடர் அமைத்துக்கொள்வார்கள். 'ஆர்-பி-ஐ' என்று முடியும் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்றவனுக்கு அது ரிசர்வ் வங்கி. அப்படியே சொன்னால் நம் நாட்டில் எவருக்கும் புரியும், நினைவிலும் நிற்கும். ஒசாகாவில் இருப்பவருக்கு அது விளங்காது. அவருக்கு 'ரோமியோ பிராவோ இந்தியா' என்றே சொல்லியாக வேண்டும்.

இந்த எழுத்துகளை நான் காரணத்தோடுதான் எடுத்தேன். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குரிய அழைப்புக் குறிகள் 'வி-யூ-4' என்று தொடங்கும். 2004 டிசம்பரில் 'வி-யூ-4 ஆர்-பி-ஐ' என்ற குறியுடன் போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் அவர்களும் அவருடைய குழுவினரும் உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தனர். நெடுநாள் ஓசையற்றிருந்த தீவுகளைத் தொடர்பு கொள்ள உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் போட்டியிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்நிலையில் டிசம்பர் 26 காலை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. தொலைபேசி அற்றுப்போனது. பொழுதுபோக்காக நிறுவிய நிலையம், தீவுகளில் இருந்தோரின் நலச் செய்திகளை நிலப்பகுதிக்குச் சேர்க்கும் நிலையமாக மாறிற்று. 1999-இல் ஒடிசாவின் பெரும்புயலிலும், 2001-இல் புஜ் நிலநடுக்கத்திலும் ஹாம்கள் இத்தகைய பணி புரிந்திருக்கிறார்கள்.

நலச் செய்தி என்பது என்ன? பெரும்பாலும் ஒரு பெயர், ஓர் ஊர், 'இருக்கிறார்' அல்லது 'தகவல் இல்லை' என்னும் ஒரு சொல். அந்தமானில் வங்காளியரும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோரும் குடியேறி வாழ்கின்றனர். அங்கே விஜய் என்றும் இருப்பார், பிஜய் என்றும் இருப்பார். இருவரும் வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு குடும்பத்தார். அவர்களைப் பிரிப்பது ஓர் எழுத்து. நிக்கோபாரின் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். கார் நிக்கோபார், காம்ப்பெல் பே, கச்சால், கமோர்ட்டா ஆகிய நான்கும் நம் செவிக்குக் 'க'கரத்தில் தொடங்குபவை. ஆங்கிலத்தில் முதலிரண்டும் 'சி', கச்சால் 'கே'. கமோர்ட்டாவை இப்போது 'கே' என்று எழுதுகிறோம். 'சி' என்று எழுதுவதும் உண்டு. இந்நிலையில் ஒருவர் 'கல்கத்தா' என்று சொல்லி, மற்றவர் 'கே' என்று எழுதிக்கொண்டால், ஒரு நிவாரணப் படகு எத்தீவுக்குப் போகும் என்பதே கேள்விக்குள்ளாகும். 'சார்லி' அல்லது 'கிலோ' என்றால் இக்குழப்பத்திற்கு இடமே இல்லை.

அத்துடன், பேரிடரில் ஹாம் தனியே பணிபுரிவதில்லை. அவர் தரும் செய்தியைக் கடற்படைக் கப்பலும் விமானப்படை விமானமும் துறைமுக அலுவலகமும் வாங்குகின்றன. அவர்கள் அனைவரும் கற்றது ஒரே பட்டியல். மூன்று நாள் உறக்கமின்றி இருக்கும் ஒரு சிப்பாயிடம் நம் சொந்தச் சொற்களைக் கொண்டுபோய்ப் புதிர் போடுவது முறையாகாது.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது. முதன்முறை எப்போதும் நிலையான பட்டியலிலிருந்தே சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அதே சொல்லை, நிதானமாக, இன்னொரு முறை சொல்லுங்கள். கேட்பவர் பெரும்பாலும் பாதியைப் பிடித்திருப்பார். சொல்லை மாற்றினால் அந்தப் பாதியும் வீணாகும். மூன்றாம் முறையும் தடை நேர்ந்தால்தான் மாற்றுச் சொல். அப்போதும் அச்சிக்கலான ஓர் எழுத்துக்கு மட்டும், அனைவரும் அறிந்த ஊர்ப் பெயராகப் பார்த்து. ஒரே மூச்சில் இரண்டு பட்டியல்களைக் கலக்காதீர்கள். தமிழிலோ இந்தியிலோ உள்ளூர் நண்பர்கள் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும்போது எதையும் சொல்லிக்கொள்ளலாம். அங்கே எனக்கு ஆட்சேபம் இல்லை.

நாவில் வந்ததைச் சொல்வோரில் பெரும்பாலோர் கொள்கைக்காக அப்படிச் செய்வதில்லை. பட்டியலை ஆல்ஃபாவிலிருந்து ஜூலு வரை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நடுவே ஒரு 'கியூ' வந்தால் திகைத்து, 'குயீன்' என்று சொல்லிவிடுவார்கள். வரிசையாகக் கற்றது வரிசையாகவே வரும். ஆகையால் வரிசை மாற்றிப் பழக வேண்டும். பேருந்தில் செல்லும்போது எதிரே வரும் வண்டிகளின் பதிவு எழுத்துகளைச் சொல்லிப் பார்ப்பது நான் அறிந்தவற்றுள் எளிய பயிற்சி. நம் ஊர் வண்டி 'டேங்கோ நவம்பர்', கேரளத்து வண்டி 'கிலோ லிமா'. தேர்வுக்கு எழுதிப் பழகுவதைவிட இது பெரிதும் பயன்தரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளில் பணிபுரியும் அலுவலர்களுக்கும் இப்பயிற்சியை அளிக்கலாம். இதற்குத் தனி ஒதுக்கீடு எதுவும் கோர வேண்டியதில்லை என்பதை நிதித்துறை நண்பர்கள் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு அளித்துள்ள தாளில் பத்து ஊர்ப் பெயர்களும் பத்து ஆட்பெயர்களும் உள்ளன. பிற்பகல் வகுப்பில் இருவர் இருவராகப் பிரிந்து, நடுவே ஒரு வானொலிப் பெட்டியை நிலையம் பிடிக்காத இடத்தில் வைத்து இரையவிட்டு, ஒருவர் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். முதல் பத்தை உங்கள் விருப்பப்படியான சொற்களால் சொல்லுங்கள். அடுத்த பத்தைப் பட்டியலின்படி சொல்லுங்கள். எத்தனை முறை 'மீண்டும்' என்று கேட்க நேர்ந்தது என்பதை எழுதுபவரே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.